ரயில் வந்த நேரம்

எங்கள் அத்தை பிறந்தபோது வீட்டில் கடிகாரம் கிடையாது. இருந்திருந்தால் சொல்வதற்கு இதில் ஒன்றுமே இருந்திருக்காது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. ஒரு மாசி மகத்தன்று காலையில் பிறந்தவர். மாசி மகத்தன்று விருத்தாசலத்தில் யாரும் வீட்டில் தங்கமாட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் விடிவதற்கு முன்பே வந்து மணிமுத்தாற்றில் இறங்கி நிற்கும். எங்கள் வீட்டில் மட்டும் அன்று பிரசவ வலி. சிறுவனாக இருந்த அப்பாவை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே குழந்தை வீறிட்டதும், கடலூரிலிருந்து வரும் காலைப் பாசஞ்சர் சிக்னல் கம்பத்தருகே ஊதியதும் ஒன்றாகக் கேட்டன. "மணி என்னா இருக்கும்?" என்று உள்ளிருந்து யாரோ கேட்டார்கள். "ரயிலு வந்துடுச்சு" என்று அப்பா கத்தினார். அந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் அத்தையின் ஜாதகம் எழுதப்பட்டது.

பாசஞ்சர் எந்நேரத்துக்கு வரவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். சன்னதித் தெரு ஜோசியர் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஆயில்யம் முடிந்து மகம் பிறக்கக் கொஞ்ச நேரமே பாக்கி இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அத்தை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டிருந்தார். ஊரெல்லாம் மகத்துக்காகக் கூடியிருக்க, அத்தைக்கு மட்டும் ஆயில்யம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆயில்யத்தில் பிறந்த பெண் வாழப்போகிற வீட்டில் மாமியார் நிலைக்கமாட்டார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மற்ற நட்சத்திரக் குறைகளுக்குப் பரிகாரம் சொல்வார்கள், கோயில் சொல்வார்கள். இதற்கு ஒரே பரிகாரம்தான். தாய் இல்லாத மாப்பிள்ளையாகப் பார்க்க வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருடத்திலும் அப்பா தாய் இல்லாத மாப்பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கையின் கல்யாணம் அவர் தலையில் இருந்தது. ஜாதகம் எழுதக் காரணமான வாயும் அவருடையதுதான் என்பது அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். வாய்விட்டு அவர் சொன்னதில்லை. ஆனால் நேரத்தைக் கண்டு அவர் பயந்ததுபோல வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. நாள்காட்டியில் நல்ல நேரம் பார்க்காமல் எண்ணெய்கூட வாங்க மாட்டார். அவர் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் திங்கட்கிழமை காலைச் சங்கு சரியாக ராகு காலத்தில் ஊதும். அதனால் திங்கட்கிழமைகளில் மட்டும் அப்பா பொழுது விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போய், கேட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது அப்பா என்னையும் அழைத்துப் போவார். கன்னிப்பெண் கூட வந்தால் சகுனம் நல்லது என்று சொல்வார். எனக்கென்று அங்கே ஒரு வேலையும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்க்க வேண்டும். மாலை போட்ட பெண் படம் மாட்டியிருந்தால் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். திட்டக்குடிக்குப் பக்கத்தில் மங்களூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். நடுக்கூடத்தில் பெரிய படம், சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை. நான் இழுத்த இழுப்பில் அப்பாவின் சட்டைப் பொத்தானே தெறித்தது. அப்பா அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அம்மாள் காபித் தட்டோடு வந்து, "நான் இவனுக்குச் சின்னம்மாங்க, இவனை வளத்தவ" என்றார். சித்தியும் மாமியார் கணக்கில்தான் சேர்த்தி என்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

இத்தனை தேடலுக்கும் நடுவே அத்தை தன் பாட்டுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வேறொரு செராமிக் கம்பெனியில் பொம்மைப் பிரிவில் வேலை. அச்சிலிருந்து வந்த வெள்ளைப் பொம்மைகளுக்குத் தூரிகையால் கண் எழுதுவார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். நீளப் பலகையில் பிள்ளையாரும் கிளியும் யானையும் கண்ணில்லாமல் வரிசையாக நின்றன. ஜன்னல் வழியாக வந்த வெயிலில் களிமண் தூசி மிதந்துகொண்டிருந்தது. அத்தையின் முடியிலும் புருவத்திலும் அந்த வெள்ளை படிந்து, அவரே இன்னும் நிறம் பூசாத பொம்மைபோல இருந்தார். சுடப்போகும் பொம்மைத் தட்டுகளை எடுத்துப்போக ஒருவர் வந்தார். சூளையில் சாமான் அடுக்குகிறவர். உயரமாக, கூச்சமாக இருந்தார். அவர் தட்டைத் தூக்கியபோது அத்தை நிமிரவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருந்த கிளிக்கு ஒரு கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வெயிலில்தான் கண் கூசியிருக்கும் என்று நான் நினைத்தேன்.

அந்தத் தைப்பொங்கலுக்கு அப்பா பொங்கல் வைக்கும் நேரத்தை ஜோசியரிடம் தனியாகக் கேட்டு வந்திருந்தார். நாள்காட்டியில் போட்டிருந்தது ஒரு நேரம், இவர் கேட்டு வந்தது இன்னொரு நேரம். தெருவில் எல்லா வீட்டிலும் பொங்கி முடித்துக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் பானை அடுப்பில் ஏறவில்லை. பனி இன்னும் கலையாமல் இருந்தது. சூளைகளின் புகையும் பனியும் கலந்து தெருக்கோடி தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து சூரியன் மெதுவாக, தேய்த்த செப்புத்தட்டு மாதிரி வந்தது. கண்ணை மூடாமலே பார்க்க முடிந்தது. "இப்ப ஏத்துங்க" என்று அப்பா சொன்னார். அம்மா பானையை ஏற்றினார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அத்தை எல்லோருக்கும் முன்னால் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். அவர் கும்பிட்டு முடிக்கவே இல்லை. என் கையில் இருந்த பொங்கல் ஆறிப்போனது.

மாசி மகம் வந்தது. அன்று காலை ஆற்றில் குளித்து, கோயிலுக்குப் போய் வந்து, வெயில் ஏறும் நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு தூக்குவாளியோடு ஒரு அம்மாள் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய குரல்.

"பொம்மைக் கம்பெனியில சூளை அடுக்குறானே, அவன் அம்மா நானு" என்று சொன்னார். "கம்மாபுரம் பக்கம். மகத்துக்கு வந்தேன். அப்பிடியே பொண்ணையும் பாத்துட்டுப் போலாம்னு."

அம்மா உள்ளே ஓடி அத்தைக்குப் புடவை மாற்றச் சொன்னார். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க. இப்ப எமகண்டம். இப்பிடிக் கொஞ்சம் வேப்பமர நெழல்ல குந்தி மோர் குடிங்க. முடிஞ்சதும் உள்ள போலாம்."

"எமகண்டம் எனக்குப் பழக்கந்தான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை வந்து நின்றார். அந்த அம்மாள் பாட்டுப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. "ஒரு சொம்பு தண்ணி குடு தாயி" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எம்புள்ளைக்கு இவள புடிச்சிருக்குது. எனக்கும் புடிச்சிருக்குது. நீ என்னா சொல்ற?" என்றார்.

அப்பாவுக்கு மறைக்கத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு, "பொண்ணு ஆயில்யங்க" என்றார்.

அடுப்பங்கரையில் அம்மாவின் கைவளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. இதற்கு முன்னால் இந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. சொம்பில் மீதி இருந்த தண்ணீரையும் குடித்தார்.

"யாரு சொன்னது?"

அப்பா சொல்ல ஆரம்பித்தார். கடிகாரம் இல்லாததையும், வாசலில் நின்றதையும், ரயில் ஊதியதையும் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்தக் கதையை அவர் முழுதாகச் சொன்னது அன்றுதான். "நாந்தான் ரயிலு வந்துடுச்சுன்னு சொன்னேன்" என்று முடித்தார்.

அந்த அம்மாள் வாசலைப் பார்த்தார். வெளியே மகத்துக்கு வந்த கூட்டம் போய்க்கொண்டிருந்தது. பலூன்காரனின் பீப்பீ சத்தம் கேட்டது.

"எந்த வருசத்து மகம் அது?" என்றார். அப்பா சொன்னார்.

"அந்த வருசமா? கடலூரு பாசஞ்சரா?" அவர் முகம் திடீரென்று தெளிந்தது. "அட கடவுளே. அந்த ரயில்லதான் தம்பி நானும் வந்தேன்! எம்புள்ள அப்ப இடுப்புக் கொழந்த. ஊ.மங்கலத்துல ஏறினோம். ஏறிக் கொஞ்ச தூரம் வரல, நின்னுடுச்சு. நின்னுதுன்னா நின்னுது, அப்பிடி ஒரு நிப்பு."

அப்பா நிமிர்ந்தார்.

"ஒரே கூட்டம். மேலயெல்லாம் ஆளு. இஞ்சினுக்குத் தண்ணி இல்லன்னாங்க, அப்புறம் என்னமோ உடைஞ்சு போச்சுன்னாங்க. எல்லாரும் எறங்கி வயக்காட்டுல குந்திட்டாங்க. இவன் வெயில்ல கத்துறான். யாரோ ஒரு புண்ணியவான் வெள்ளரிப் பிஞ்சு குடுத்தாரு, அதக் கடிச்சிக்கிட்டுத்தான் அழுவய நிறுத்தினான். நாங்க வந்து ஆத்துல எறங்கறதுக்குள்ள பாதி சனம் குளிச்சிட்டுக் கெளம்பிடுச்சு. அந்த ரயிலு நேரத்துக்கு வந்துச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

அவர் சொல்லச் சொல்ல நான் அந்த ரயிலுக்குள் இருந்தேன். மாசி மாதத்து வெயில், அறுவடை முடிந்த வயலில் தாள் மினுங்குகிறது. கறுப்பு இஞ்சின் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. ஜனங்கள் வண்ணவண்ணப் புடவைகளோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குழந்தை வெள்ளரிப் பிஞ்சைக் கடிக்கிறது. எங்கேயோ தூரத்தில் ஒரு வீட்டில் இன்னொரு குழந்தை பிறப்பதற்காக, அந்த ரயில் கிளம்பும்வரை காத்திருக்கிறது. ரொம்ப நாளைக்கு எனக்கு இந்தக் கனவு வந்துகொண்டிருந்தது.

எமகண்டம் முடிந்ததா இல்லையா என்று அப்பா பார்க்கவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, ஜாதகத்தை எடுத்துக்கொண்டு, அந்த அம்மாளையும் என்னையும் அழைத்துக்கொண்டு சன்னதித் தெருவுக்கு நடந்தார். கூட்டத்தில் வழி கிடைக்கவில்லை. மொட்டையடித்த தலைகள், சந்தனம், கற்பூர வாசனை, கோபுரத்துப் புறாக்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கினார். "கூட்டம் புதுசா எனக்கு?" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

ஜாதகம் எழுதியவர் காலமாகி, அவர் மகன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய பஞ்சாங்கங்களை அவருடைய அப்பா காலத்திலிருந்தே கட்டிக்கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் கதையைக் கேட்டதும் அவர் முதலில் கோபப்பட்டார்.

"எங்கப்பா கணக்கு தப்பாதுங்க."

"ஒங்கப்பா கணக்கு ஏன் தப்பப் போவுது? ரயிலு தப்பிடுச்சு" என்றார் அந்த அம்மாள்.

ஜோசியருக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. கட்டை அவிழ்த்து அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்தார். விரலால் ஓட்டினார். "ரயிலு எவ்வளவு நேரம் நின்னுதுங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். "ஏன், கொஞ்ச நேரம் நின்னா மகம் வருமா, ரொம்ப நேரம் நிக்கணுமா?"

"கொஞ்ச நேரம் நின்னாலே போதும். ஆயில்யம் வெளிம்புல கெடக்குது."

"அப்ப ரொம்ப நேரமே நின்னுது" என்று அவர் சொன்னார். "மகம் வந்து குந்துற அளவுக்கு நின்னுது."

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். அவரும் ஜோசியரைப் பார்த்தார். "மாமியாரா வரப்போறது நீங்கதானா?" என்று ஜோசியர் மெதுவாகக் கேட்டார். "நாந்தான்" என்றார் அவர். ஜோசியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புதிய காகிதத்தில் கட்டம் போட ஆரம்பித்தார். கடகத்தில் இருந்த சந்திரன் சிம்மத்துக்கு வந்தது. "சிம்மம் சூரியனோட வீடு" என்று எழுதிக்கொண்டே சொன்னார். "மகம். ராஜ நட்சத்திரம். மாமியாருக்கு ஒரு தோஷமும் கெடையாது."

"எழுத்துல நல்லா அழுத்தி எழுதுங்க" என்றார் அந்த அம்மாள். "நாலு பேரு படிச்சாத் தெரியணும்."

வெளியே வந்ததும் அப்பா கோபுர வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். நல்லது நடந்திருக்கும்போது ஏன் அழுகிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. போகிறவர்கள் பார்த்தார்கள். அந்த அம்மாள் பக்கத்தில் நின்று, "தம்பி, சின்னப் பையன் நீ. ரயிலு வந்துச்சுன்னு சொன்ன. வந்துச்சுதான? நீ சொன்னது பொய்யில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குத் திரும்பி, அத்தைக்கு மகம் என்று சொன்னோம். அம்மா சர்க்கரை எடுத்து எல்லோர் வாயிலும் போட்டார். அத்தை அந்த அம்மாளின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. அப்படியே குனிந்து இருந்தார். அந்த அம்மாள் ஆற்றில் குளித்தும் போகாமல் அத்தையின் தலையில் ஒட்டியிருந்த களிமண் தூசியைத் தட்டிவிட்டு, "எழுந்திரு, மகத்துக்காரி இப்பிடியா குனிவா?" என்றார்.

வைகாசியில் கல்யாணம். முகூர்த்த நேரம் தவறிவிடுமோ என்று அப்பா மேளக்காரரை விரட்டிய விரட்டில், தாலி கட்டும்போது நாயனக்காரர் மூச்சு முட்ட இருமிக்கொண்டிருந்தார். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அத்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் குழந்தை பிறக்கும் என்று பிரித்து வைப்பது. மாமா தினமும் வேலை விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சூளையின் சூடு பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் இடையில் அத்தனை பேச்சு இருந்தது எனக்கு ஆச்சரியம். அத்தை டீ கொடுக்கும் சாக்கில் வந்துவந்து போவார்.

ஆடிப்பெருக்குக்கு மாமாவின் அம்மா கம்மாபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். நான் அவர் மடியில் சாய்ந்துகொண்டு ரயில் கதையைச் சொல்லச் சொன்னேன். அலுக்காமல் சொன்னார். எனக்காக அதில் புதிதாக ஒரு ஆட்டுக்குட்டி சேர்ந்திருந்தது. தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றதாம். மாமா அப்போது வாசலில் இருந்தார். கதையைக் கேட்டதும் எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார்.

மறுபடி மார்கழி வந்தது. அத்தை புகுந்த வீட்டில் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று சேதி வந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ப்போய் வந்தார்கள். வீட்டில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். தை பிறந்தது, பொங்கல் போனது. ரத சப்தமி அன்று காலை, தலையில் எருக்க இலை வைத்துக் குளித்துவிட்டு நான் ஈரத்தோடு நிற்கையில், மாமாவின் கம்பெனிக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். அந்த அம்மாள் போய்விட்டார்.

எல்லோரும் போனோம். வயல்களுக்கு அப்பால், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகள் நீல நிறத்தில் மலைபோல நின்றன. பந்தலில் அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நான் அம்மாவை ஒட்டிப் பெண்களுக்கு நடுவே இருந்தேன். அத்தை அழுது ஓய்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

எங்கிருந்தோ வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி அத்தையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மருமவ வந்து ஒரு வருசம் திரும்பலியே. பொண்ணு என்னா நச்சத்திரம்?" என்றார்.

அத்தை இன்னும் சுவருக்குள் போனார். பக்கத்தில் இருந்த, இறந்தவரின் தங்கை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மகம். ஜாதகத்த நானே பாத்திருக்கேன். எங்கக்கா ஊருக்கெல்லாம் காட்டினாளே, நீ பாக்கலியா? இவள ஒண்ணும் சொல்லாதீங்க. இவ வர்றதுக்கு முன்னாடி ஐப்பசியிலயே டாக்டரு கைய விரிச்சிட்டாரு. புள்ளைக்கிட்டயும் என்கிட்டயுந்தான் சொன்னா. தை வரட்டும், உத்தராயணம் பொறக்கட்டும்னு உசுரப் புடிச்சிக்கிட்டு இருந்து போயிட்டா, புண்ணியவதி."

கேட்ட பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மகம்னா சரிதான். அவ காலம் முடிஞ்சிது, போனா" என்றார். பேச்சு அதோடு வேறு பக்கம் போனது.

தங்கை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். "புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குக்கூட எத்தன பஸ்ஸு மாறி மாறிப் போனா. ரயில்ல போனா நோவு தெரியாதுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். ரயிலுன்னா அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து பயம். அந்தச் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்குவா. மகத்துக்குக்கூட மாட்டு வண்டியிலதான் வருவா. கடைசி வரைக்கும் ஒரு நாளு ஏறினதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நெருங்கிய தங்கைக்கே அக்காவைப் பற்றித் தெரியவில்லையே என்று இருந்தது. "இல்லீங்க, அவங்க ரயில்ல..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். அப்படி ஒரு கிள்ளு அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை. வலி பொறுக்காமல் ஓவென்று அழுதேன். பக்கத்திலிருந்த பெண்கள் என் தலையைத் தடவி, "பாவம், பழகின பாசம், கொழந்தைக்குத் தாங்கல" என்று அவர்களும் அழுதார்கள். சுவரோரமிருந்து அத்தை எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் தோளில் முகத்தை வைத்து, அன்று முழுதும் அழாத அழுகையை அழுதார்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. தன் நாள் முடியப்போவது தெரிந்துதான் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்றால் ஆயில்யம் என்று கேட்டதும், அதனால் என்ன என்று தட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தான் போன பிறகு அந்தப் பழி யார் தலையில் வந்து விழும் என்று, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். ஏறவே ஏறாத ரயிலை ஊ.மங்கலத்தைத் தாண்டி நிறுத்தி வைத்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது எப்போது புரிந்தது என்று நான் கேட்டதில்லை. ஜோசியருக்கு அப்போதே புரிந்திருக்கும். அத்தை காலைத் தொட்டு எழாமல் கிடந்தபோது, அவருக்கும் புரிந்துதான் இருந்திருக்கும்.

எனக்குத்தான் அன்று ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினோம். நான் அப்பாவின் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா முன் சீட்டில் தூங்கிவிட்டார். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. சாய்ந்த வெயிலில் வயலெல்லாம் மஞ்சளாக இருந்தது. கடலூர்ப் பக்கமிருந்து ரயில் வந்து, எங்கள் முகத்தில் நிழலும் வெளிச்சமுமாக மாறி மாறி அடித்துக்கொண்டு போயிற்று.

சத்தம் ஓய்ந்ததும் அப்பாவின் காதருகே போய், "ப்பா, அவங்க ரயில்ல வந்தாங்கதான?" என்று கேட்டேன்.

அப்பா கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் தூக்கப்படவில்லை.

"வந்தாங்க பாப்பா" என்றார். "அந்த ஒரு தடவதான் வந்தாங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட் தூக்கி, பஸ் நகர்ந்து, ஊர் வரும்வரையில் நான் வேறொன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். வயலும் வெள்ளரிப் பிஞ்சும் ஆட்டுக்குட்டியுமாக அவ்வளவு அழகாக இருந்த அந்த ஒரே பயணத்தில், பிறகு ஒருநாளும் ரயில் ஏறவே கூடாது என்கிற அளவுக்கு அவர் எதைப் பார்த்துப் பயந்திருப்பார்?